தண்ணீர் புகாத பை

கழிமுகத்தில் நாணல்திட்டு என்றொரு சின்னத் தீவு. அதில் நாச்சியாரம்மாள் என்ற துறவி இருந்தார். நாற்பத்தாறு வயதுதான். அவரைத் தேடி வந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள்.

கடைசியாக வந்து சேர்ந்தவர் திருமேனி. ஐம்பத்தொன்பது வயது. மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறியவர். வந்த அன்று செருப்பைக் கழற்றினார், துணிமூட்டையை இறக்கினார். தோளில் தொங்கிய மஞ்சள் பையை மட்டும் இறக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் செல்போனும் தீப்பெட்டியும் வைத்துக்கொள்கிற ரப்பர் பை அது. வாயை மூன்று மடிப்பு மடித்துக் கொக்கி மாட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

சாப்பிடும்போது அது மடியில் இருந்தது. குளிக்கும்போது கண்ணுக்கு எதிரே கிளையில் தொங்கியது. நான்கு மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே வந்து அம்மாள் முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"தண்ணி புகாத பைக்குள்ள தண்ணி எப்படிப் புகும்?"

"ஓட்டை இருந்தா புகும்."

"ஓட்டை இல்ல. வாளித் தண்ணியில அமுக்கிப் பாத்துட்டேன். ஒரு குமிழி வரல."

"வாயைச் சரியா மூடாம இருந்தா புகும்."

"மெழுகு உருக்கி ஊத்தினேன். சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினேன். இதே மாதிரி வேற பை கூட வாங்கி மாத்திப் பாத்தேன். தரையில வச்சா ஈரம் ஏறுதோன்னு உத்தரத்துல கட்டித் தொங்க விட்டேன். தினம் காலையில தொறந்தா உள்ள தண்ணி நிக்குது."

"எவ்வளவு?"

திருமேனி வலது கையைக் குவித்துக் காட்டினார். ஒரு சிரங்கை.

"இப்பத் தொறங்க."

கொக்கியைக் கழற்றி மடிப்பைப் பிரித்தார். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், நர்சிங் சான்றிதழ், வேலைக்கான உத்தரவு. எல்லாவற்றிலும் வளர்மதி என்ற ஒரே பெயர். காகிதம் மொடமொடவென்று இருந்தது. பையின் அடியில் மட்டும் தண்ணீர் கிடந்து அசைந்தது.

அம்மாள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"கழித் தண்ணி," என்றார். "யாரு இது, மகளா?"

"ஒரே மக. தீவு கிராமத்து சுகாதார நிலையத்துல நர்ஸ் வேலை. சேரப் போற அன்னைக்கு நானும் கூடப் போனேன். படகு வேர்ல இடிச்சுக் கவுந்துருச்சு. நான் ஒரு பக்கம் விழுந்தேன், அவ ஒரு பக்கம் விழுந்தா. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளக் காணோம். மூணாம் நாள்தான் கிடைச்சா."

இதை அவர் ஒரு மூச்சில் சொன்னார். உறவுக்காரர்களிடம், விசாரிக்க வந்தவர்களிடம், சுடுகாட்டில் என்று பலமுறை சொல்லித் தேய்ந்த வாசகம். ஒரு வார்த்தை முன்பின் ஆகாது.

அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து துடுப்பை எடுத்தார்.

"பையை மூடிட்டு வாங்க. போய்ப் பாத்துட்டு வரலாம்."

"எங்கம்மா?"

"அது நனைஞ்ச எடத்துக்கு."

"அது நனையவே இல்லம்மா," என்றார் திருமேனி. சொன்ன பிறகு, தான் சொன்னதையே திரும்பக் கேட்பவர் போல நின்றார்.

சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது. திருமேனி கை காட்டிய வழியில் படகு சதுப்புக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் விட்டுப்போனது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் தலைக்கு மேல் கூடி, வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நின்றன. தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருந்தது. உள்ளே போகப் போகப் பறவைச் சத்தம் குறைந்து, ஒரு வளைவில் அடியோடு நின்றது.

அந்த வளைவுக்கு அப்பால் இருப்பது பேரில்லா ஓடை. அதற்குள் போனால் படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அந்தத் தண்ணீர் ஒரு பேரைக் கேட்டுவிட்டால் மறக்காது என்பார்கள்.

அம்மாள் துடுப்பை நிறுத்தினார். "இதானா?"

திருமேனி தலையை ஆட்டினார். பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். வந்தபோது இருந்ததைவிட அது கனத்தது.

படகு தானாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றது. ஓர் இலை விழுந்தது. அப்போது வேர்களுக்கு உள்ளேயிருந்து, தண்ணீர் மட்டத்தில், ஒரு குரல் கூப்பிட்டது.

"வளர்மதீ..."

திருமேனி பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அம்மா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"யாரு அது?"

"உங்க குரல்தான்."

ஆமாம், அவர் குரல்தான். அன்று கத்திய அதே கத்தல். தொண்டை கிழிந்த இடம்கூட மாறவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டது, இந்த முறை படகுக்குப் பக்கத்தில்.

"திரும்பிடலாம்மா. போதும்."

"படகு வேர்ல மாட்டியிருக்கு. நான் இறங்கித்தான் விடுவிக்கணும்."

"வேண்டாம்மா!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மாள் இறங்கிவிட்டார். தண்ணீர் மார்பளவு இருந்தது. படகின் அடியைத் தடவிக்கொண்டே இரண்டடி போனார். அங்கே தரை இல்லை போலிருக்கிறது. சத்தமே இல்லாமல் தலை உள்ளே போயிற்று.

படகு ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. திருமேனியின் இரண்டு கைகளும் மேலே போயின. அவர் தூக்கவில்லை, கைகள் தாமாகப் போயின. பை அவர் தலைக்கு மேலே இருந்தது.

தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு குமிழி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று அவரால் பின்னாலும் சொல்ல முடியவில்லை. கை எட்டுகிற தூரத்தில் ஐந்து விரல்கள் மேலே வந்தன. விரித்த விரல்கள். எதையோ கேட்டு ஒரு தரம் திறந்து மூடின.

அன்றும் இப்படித்தான் வந்தன.

திருமேனி அலறிக்கொண்டு குனிந்தார். தொப்பென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து, காலைப் படகுக் கட்டையில் உதைத்து, முப்பது வருடம் கம்பத்தைக் கட்டிப் பிடித்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார். அம்மாளின் தலை வெளியே வந்தது. தோள் வந்தது. விளிம்பில் வயிற்றைக் கொடுத்துப் புரண்டு படகுக்குள் விழுந்து, இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார்.

அதன் பிறகும் திருமேனி கையை விடவில்லை.

குரல் நின்றிருந்தது. படகும் வேரிலிருந்து விடுபட்டிருந்தது.  பிறகுதான் திருமேனி தண்ணீர்ப் பக்கம் பார்த்தார்.

பை மிதந்துகொண்டிருந்தது. கால்வாசிகூட அமிழவில்லை. வாத்துபோல் நிமிர்ந்து நின்றது.

"மிதக்குதே," என்றார்.

"காத்தோட கட்டியிருக்கீங்க. மிதக்கத்தான் செய்யும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

  திருமேனி பேசத் தொடங்கினார். இந்த முறை அது தேய்ந்த வாசகமாக இல்லை.

"அவ ஒரு பக்கம் விழல அம்மா. என் பக்கத்துலதான் விழுந்தா. படகு ஏறும்போதே பையை என்கிட்ட குடுத்து, நனையாம பாத்துக்கோங்கப்பான்னு சொன்னா. எல்லாம் அதுலதான இருக்கு, பதினஞ்சு வருசப் படிப்பு. கவுந்தப்ப ஒரு கையில வேரைப் பிடிச்சேன். ஒரு கையில இதைத் தூக்கிப் பிடிச்சேன். அவ கை இங்கதான் வந்துச்சு. இவ்வளவு கிட்ட. நான் பேரைச் சொல்லிக் கத்தினேன். கத்தினேனே தவிர..."

திருமேனி மறுபடி பையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இது மிதந்திருக்கும், இல்லம்மா?"

"மிதந்திருக்கும்."

அவர் அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடை கடல் பக்கம் வடிந்துகொண்டிருந்தது. சருகுகளும் நுரையும் அந்தப் பக்கம் போயின. பை மட்டும் போகவில்லை. அடியில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போலப் படகின் ஓரத்திலேயே நின்றது.

"நான் அதை எடுத்துக்கட்டுமா அம்மா?"

"எடுத்துக்குங்க," என்றார் நாச்சியாரம்மாள். "முதல்ல என் கைய விடுங்க."