வெள்ளச்சியின் சுள்ளிக்கட்டு

அந்தக் காலத்தில் வேலங்காட்டு உயிர்கள் எல்லாம் பேசின. பேச்சு இருந்ததால் சடங்கும் இருந்தது. எவர் செத்தாலும் வீட்டுக்கு ஒன்றாகக் காய்ந்த சுள்ளி கொண்டுவந்து சிதையில் வைக்க வேண்டும். செத்தவர் பகையா உறவா என்று பார்க்கக் கூடாது. காட்டில் பகையாளிதான் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால், இப்படி ஒரு விதி தேவையாகவும் இருந்தது.

வெள்ளச்சி என்ற அந்துப்பூச்சிக்கு அப்போது வெள்ளை வெளேரென்று இறக்கைகள் இருந்தன. முந்தைய அடைமழையில் அவள் இட்ட முட்டைகள் அத்தனையும் அழுகிப்போயின. இந்த முறை அப்படி விடக்கூடாது என்று, வெயில் நாளிலேயே சுள்ளி பொறுக்கி, நூல் இழைத்துக் கட்டி, வேலமரக் கிளையில் ஒரு கூடு செய்து வைத்திருந்தாள். மழை வந்தது. மழையோடு மழையாக ஓணான் செத்துப்போனான்.

அவன் மனைவி பேச்சி நனைந்தபடி வந்து நின்றாள்.

“மதினி, காடு பூரா விறகு ஈரம். பாதி உடம்புக்குக்கூடக் காணல. ஒத்தச் சுள்ளி குடுங்க.”

“எங்கிட்ட ஏதும்மா? எல்லாம் நனைஞ்சு போச்சு,” என்றாள் வெள்ளச்சி, கூட்டின் வாசலை இறக்கையால் மறைத்துக்கொண்டு.

பேச்சி தலை மறைந்ததும் வெள்ளச்சியின் புருஷன் மாடன் சீறினான். “ஏட்டி, உள்ள அடுக்கி வச்சிருக்கியே, அது என்ன முறுக்கா?”

“பிள்ளைகளுக்குக் கூரை. ஒண்ணை உருவினாலும் ஒழுகும். உன் கொழுந்தியாளை முழுங்கினவனுக்கா குடுக்கணும்?”

“முழுங்கினான், சரி. மிஞ்சின இறக்கையை எரிக்க முதல் சுள்ளி கொண்டாந்தவனும் அவன்தான்.”

வெறுங்கையோடு சாவுக்குப் போன மாடன், அணையப் பார்த்த நெருப்பை இறக்கையால் விசிறிக்கொண்டே இருந்தான். புகை படிந்து இறக்கை கரியானதுதான் மிச்சம். சிதை பாதியில் அணைந்தது. எரியாத பாதியை எறும்புகள் பேச்சியின் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு போயின. அவள் அழவில்லை. வேலமரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அவ வீட்டுச் சாவுக்கு யாரு சுள்ளி கொண்டு போவா?”

சாபம் என்று எவரும் இடவில்லை. சாபமிடும் முனிவர்கள் முள்ளுக்குப் பயந்து வேலங்காட்டுப் பக்கம் வருவதே இல்லை. அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெள்ளச்சிக்கு, எறும்புகள் தன்னையே இழுத்துப் போவதுபோல் இருந்தது. கூட்டுக்குள் புகுந்து வாசலை நூலால் தைத்துக்கொண்டாள். இடப்போகும் முட்டைகளுக்குக் கூரை, தனக்குச் சிதை. ஒரே கட்டு இரண்டுக்கும் ஆயிற்று.

மாடன் வந்து தட்டினான். “கதவைத் திற.”

“திறந்தா சுள்ளியை உருவிட்டுப் போயிருவ.”

“முகத்தையாவது காட்டுடி.”

மிச்சமிருந்த இடுக்கையும் அவள் நூலால் அடைத்தாள். கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தவன், களைத்து மரத்தடியில் விழுந்தான். எறும்புகள் தாமதிக்கவில்லை.

உள்ளே, பறக்க இடமில்லாத இறக்கைகள் சுருங்கி உதிர்ந்தன, பிறகு கால்கள். முட்டையிட்டு அவற்றின் மேலேயே செத்துக் கிடந்தாள் வெள்ளச்சி. எவரும் சுள்ளியோடு வரவில்லை. புழுக்களாகப் பொரிந்த பிள்ளைகள் கண்விழித்து முதலில் கண்டது காய்ந்துபோன தாயை. வெளியே வந்ததும் ஆளுக்கொரு சுள்ளியைக் கடித்தெடுத்து உடம்போடு கட்டிக்கொண்டன. காற்று சிலவற்றை நூலோடு தூக்கிப் பக்கத்து வேலமரத்தில் விட்டது. அதற்கு அப்பால் அவை போனதில்லை.

அன்று முதல்தான், சுள்ளிக்கூட்டைச் சுமந்து திரியும் அந்த அந்துப்பூச்சி இனத்தில் ஆணுக்குக் கரிபடிந்த இறக்கை, பெண்ணுக்கு இறக்கையே இல்லை. அவன் கூடு கூடாகப் போய் முகம் பாராத மனைவியைத் தேடுகிறான், அவள் தன் சிதையைப் புழுவாயிருந்த நாள்முதல் சுமந்து அதற்குள்ளேயே சாகிறாள். கொள்ளி வைக்கத்தான் இன்னும் யாரும் வந்தபாடில்லை.