உப்பில்லாத ரசம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அம்மா பேசுவதே கொஞ்சம். அதில் ஒரு சொல்லை நான் மாற்றிவிட்டால் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். அதனால் நன்றாக நினைவில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். சந்தேகம் வருகிற இடத்தை விட்டுவிடுகிறேன்.

அம்மா என்று நான் சொல்வது எங்கள் ஆசிரமத்துக் குருவை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரை அம்மா என்பேன். அவர் என்னை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும்.

தென்காசிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஆசிரமம். நான் அங்கே சமையல். மதியம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. அந்தச் செலவுக்காக ரசப்பொடியும் பருப்புப்பொடியும் அரைப்பேன். குற்றாலிங்கம் சார் அதை இணையத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் போட்டு விற்பார். சார் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்குச் சீடர். பொட்டலத்தின் மேல் ‘பகவதி கைப்பக்குவம்’ என்று என் பெயரைப் போட்டதும் அவர்தான். வேண்டாம் சார் என்றேன். கேட்கவில்லை.

அந்த மாதம் வரவு குறைவு. மதியச் சாப்பாட்டை வாரத்தில் பாதி நாள் நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்திருந்தது. அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து ரெஜினா என்பவர் தளத்தின் வழியாக ஒரு செய்தி அனுப்பினார். வீட்டில் வைத்துக் கல்லூரிப் பெண்களுக்குச் சமைத்துப் போடுகிறவர். எங்கள் ரசப்பொடியை ஏற்கெனவே வாங்கியிருக்கிறார். இனி மாதாமாதம் மொத்தமாக வேண்டும், இந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை, குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அன்று மாலை சார் கிணற்றடிக்கு வந்தார். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நான் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க ஐயா.”

“அந்தத் தளத்துக்காரன் பொடி அரைக்கானா?”

“இல்லை.”

“உக்காந்து பொட்டலம் கட்டுதானா?”

“அதுவும் இல்லை. அக்காதான் கட்டுதாங்க.”

“ஆனா விலையில நாலில் ஒரு பங்கை அவன் எடுத்துக்கிடுதான். அந்தம்மாவுக்கு நம்ம நம்பரைக் கொடுத்து நேரா வித்தா, அவங்களுக்கும் விலை குறையும், நமக்கும் மிச்சம். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். இது தப்பா?”

அம்மா சட்டியைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார்.

“ரெஜினாம்மாவுக்கு நம்மள யாரு காட்டினது?”

“தளம்தான். அதுக்குத்தான் முதல் தடவையே கூலி கொடுத்தாச்சே. ஒரு தரம் வழி சொன்னவனுக்கு ஆயுசு முழுக்கக் கூலியா?”

“நியாயமான கேள்விதான் ஐயா.”

சாரின் முகம் மலர்ந்தது.

“அவங்ககிட்டயே இதைக் கேளுங்களேன்,” என்றார் அம்மா.

“யாருகிட்ட? அங்க மனுஷனே கிடையாது. என்ன எழுதினாலும், உங்கள் கேள்விக்கு நன்றின்னு மிஷின் பதில் போடுது.”

அம்மா சிரித்துவிட்டார். “அப்ப எனக்கும் கொஞ்சம் நாள் கொடுங்க. எனக்கும் சட்டுனு பதில் தெரியலை.”

சார் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் அவரால் பொறுக்க முடியவில்லை. ரெஜினா வேறு கடைக்குப் போய்விடுவாரே என்று கவலை. ரெஜினாவின் விலாசம் பொட்டலம் எடுத்துப்போக வருகிற தளத்துக்காரரின் வண்டிக்குத்தான் தெரியும், எங்களுக்குக் காட்டமாட்டார்கள். தளத்தின் வழியாகத்தான் எதையும் சொல்ல வேண்டும். சார் நம்பரை எழுதி அனுப்பினார். தளம் அதை அழித்து அந்த இடத்தில் நட்சத்திரம் போட்டுவிட்டது. எண்களை எழுத்தில் எழுதிப் பார்த்தார். அதையும் கண்டுபிடித்துவிட்டது. இன்னொரு முறை இப்படிச் செய்தால் கடை மூடப்படும் என்று எச்சரிக்கை வந்தது.

என் பெயர் போட்ட கடை. மூடினால் பொடியில் ஏதோ கலப்படம் என்றுதானே பேசுவார்கள்.

“விட்டுருங்க சார்.”

“இரு பகவதி. மிஷினுக்கு நம்பர்தான் தெரியும், சமையல் தெரியாது.”

அப்புறம் அவர் உட்கார்ந்து ‘ஆசிரமத்து ரசம்’ என்று தலைப்புப் போட்டு ஒரு செய்முறை எழுதினார். நம்பரில் வருகிற இலக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான். என்னிடம் படித்துக் காட்டினார்.

“மிளகு ஒம்பது கரண்டியா சார்?”

“அது மிளகு இல்ல. ஒம்பது.”

“புளி எட்டு உருண்டையா?”

“எட்டு.”

“உப்பு வேண்டாம்னு போட்டிருக்கீங்க.”

“அது பூஜ்யம்.”

“அந்தம்மாவுக்குப் புரியணுமே.”

“தினமும் அத்தனை பேருக்குச் சமைச்சுப் போடுதவங்க. ஒம்பது கரண்டி மிளகைப் பார்த்ததும் இது ரசம் இல்லைன்னு தெரியாதா? நீ உன் நிழலைப் பார்த்தும் பயப்படுத ஆளு. பேசாம இரு.”

கடைசியில், ‘விலை குறைய வழி இதில் இருக்கிறது. நிதானமாகப் படிக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். தளம் ஒன்றும் சொல்லவில்லை. சாருக்கு ஒரே சந்தோஷம். நான் இரண்டு நாளும் போனை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் செய்திதான் வந்தது. அம்மாவும் நானும் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தோம். சார் அடுக்களை வாசலில் நின்றபடியே, “பார்த்தியா பகவதி,” என்று வாசிக்க ஆரம்பித்தார்.

‘ஐயா, நீங்கள் எழுதியபடியே ரசம் வைத்தேன். இவ்வளவு மிளகும் புளியும் போட்டால் பொடி கொஞ்சம் போதும், விலை குறைய வழி என்றது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஆசிரமத்துச் சமையல் என்பதால் உப்பு இல்லை என்று நினைத்தேன். பிள்ளைகளால் சாப்பிட முடியவில்லை. வீணாக்க மனமில்லாமல் என் பங்கை மட்டும் முழுதாகச் சாப்பிட்டேன். நான்தான் எங்கேயோ தவறு செய்திருக்கிறேன். கோபப்படாமல் இன்னொரு முறை சொல்லித் தருவீர்களா?’

பாதியிலேயே சாரின் குரல் இறங்கிவிட்டது.

“எந்த ரசம் ஐயா?” என்று கேட்டார் அம்மா.

சார் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா திட்டவில்லை. நார் எடுத்து முடித்தார்.

“அக்கா, வர்றவங்களுக்கு எப்பவும் போல சமைச்சிருங்க. நம்ம மூணு பேருக்கும் அந்த ரசம் வைங்க.”

“அம்மா, அது ரசமே இல்ல,” என்றார் சார். “போன் நம்பரு.”

“வச்சுப் பார்த்தாத் தெரியும்.”

வைத்தேன். கொதிக்கும்போதே தும்மல் அடங்கவில்லை. சாப்பிட வந்தவர்கள் யாருக்கு ஜலதோஷம் என்று விசாரித்தார்கள். அவர்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம்.

அம்மா முதல் வாய் எடுத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“அக்கா, உங்க கைப்பக்குவம்.”

“என் கை இல்லம்மா. சாரோட கை.”

சாருக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். நான் ஒரு வாயோடு நிறுத்தினேன். அம்மா இன்னொரு கரண்டி எடுத்துச் சோற்றில் ஊற்றினார்.

“போதும்மா. வயிறு என்னத்துக்கு ஆகும்,” என்றார் சார்.

“ரெஜினாம்மா எவ்வளவு சாப்பிட்டாங்க?”

“முழுசும்னு எழுதியிருக்காங்க.”

“அப்ப இன்னும் இருக்கே.”

அம்மா மறுபடி சாப்பிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். சார் குனிந்து ரசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் எழுதினதுக்கு நீங்க ஏம்மா சாப்பிடணும்?”

“நீங்க எழுதினதுக்கு அவங்க ஏன் சாப்பிட்டாங்க ஐயா?”

அம்மா தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவிவிட்டு வந்ததும் சார் மெதுவாகச் சொன்னார்.

“தளத்துக்காரனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் நினைச்சேன். அந்தம்மாவை ஏமாத்த நினைக்கலை.”

“தெரியும் ஐயா.” அம்மா அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

“என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலையே அம்மா. நேரா வித்தா தப்பா, இல்லையா?”

“அது என்கிட்ட இருக்கு. நான் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்ககிட்ட ரெஜினாம்மாவோட கேள்வி இருக்கு.”

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

சார் போனை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

“அளவு மாறிப்போச்சுன்னு போட்டுருவோமா பகவதி?”

“மாறியா போச்சு சார்?”

“உண்மையை எழுதினா மிஷின் படிச்சிரும். கடையை மூடிருவான்.”

“எழுதலைன்னா?”

எழுதியிருந்ததை அவர் அழித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

“உன் பேர்தான் போட்டிருக்கு. நீயே எழுது.”

எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். இரண்டு இடத்தில் சார் திருத்தினார். மற்றதெல்லாம் நான் எழுதியதுதான்.

‘அது ரசம் இல்லை அம்மா. எங்கள் போன் நம்பர். தளத்துக்குப் பங்கு கொடுக்காமல் உங்களுக்கு விற்பதற்காக அப்படி எழுதினோம். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். எப்போதும் போல் உப்புப் போட்டு வையுங்கள். தளத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மாதாமாதம் வாங்குகிற இந்த அம்மாவுக்காக உங்கள் பங்கில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று எழுதுங்கள். இப்படிக்கு, பகவதி.’

சார் அதை இரண்டு முறை படித்தார்.

“கடை போயிரும் பகவதி.”

“பயமாத்தான் இருக்கு சார். ஆனா வேற எப்படி எழுதினாலும் எனக்குத் தூக்கம் வராது.”

அம்மா மோர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். நான் எழுதியதைக் குனிந்து படித்தார்.

மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.