வேலைக்குப் போகாத கத்தி

“என் கத்திக்கு என்ன குறை?” என்று கேட்டார் டாக்டர் செங்கோட்டுவேல்.

“ஒரு குறையும் இல்லைங்க,” என்றார் மரகதம்.

“அப்புறம் ஏன் பலகையில வைக்க மாட்டேங்கறீங்க?”

அன்று ஆயுத பூஜை. இடம், நாமக்கல் புறவழிச்சாலையில் ஒரு கொல்லுப்பட்டறை. லாரிகளின் ஒடிந்த ஸ்பிரிங் பட்டைகள் வாசலில் குவிந்து கிடந்தன. உள்ளே ஒரு நீளப் பலகையில் சுத்தியல்களும் குறடுகளும் அரங்களும் குளித்து, பொட்டு வைத்து, கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பட்டறை மரகதத்துடையது. வயது நாற்பத்தொன்று. அவர் அடித்த அரிவாளுக்குத் தேங்காய் வியாபாரிகள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

செங்கோட்டுவேல் அவருடைய சீடர். வயது ஐம்பத்தாறு. பிழைப்புக்குப் பல் மருத்துவம், ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தி. அவருடைய இடது முன்கையில் முடி கிடையாது. புதுக் கத்தியின் கூர்மையை அங்கேதான் சோதிப்பார்.

குரு இளையவர், சீடர் மூத்தவர். ஞானம் பிறப்புச் சான்றிதழ் பார்த்து வருவதாக எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

மரகதம் யாரையும் தேர்ச்சி பெற்றவர் என்று வாயால் சொன்னதில்லை. சீடர்கள் செய்ததைப் பூஜைப் பலகையில் வைத்தால் தேர்ச்சி. டாக்டருக்கு அந்தப் பலகையில் ஓரிடம் வேண்டும். வேறு ஆசை இல்லை.

கொண்டுவந்தது அவருடைய பதினோராவது கத்தி. முந்தைய பத்தும் வளைந்தோ வெடித்தோ போயின. இது எட்டங்குலம். ஈட்டி மரப் பிடி. கண்ணாடிபோல் மெருகு. வெல்வெட் பெட்டியில் படுத்திருந்தது.

மரகதம் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாய் ஓரம் பார்த்தார். நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். ஒரு காகிதத்தின்மேல் வைத்தார். காகிதம் தானாகவே இரண்டானது.

“அருமைங்க,” என்றார். மனதாரத்தான் சொன்னார். “இது என்ன வேலை செஞ்சிருக்குது?”

“வேலையா? நேத்துத்தான் மெருகு முடிச்சேன்.”

“இன்னைக்கு ஆயுதங்களுக்கெல்லாம் லீவு நாளுங்க, டாக்டரே. வேலைக்கே போகாததுக்கு எதுக்குங்க லீவு?”

டாக்டர் படித்தவர். தோற்பதற்குமுன் ஒருமுறை சொல்லாராய்ச்சி செய்து பார்ப்பார்.

“ஆயுதம்னா போர்க்கருவி. சமையல் கத்தியை அந்தக் கணக்குல சேர்க்கறதே சரியான்னு...”

“வெங்காயத்தைக் கேட்டுப் பாருங்க,” என்றார் மரகதம்.

*

அடுத்த ஆயுத பூஜைக்கு டாக்டர் அதே கத்தியோடு வந்தார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம்.

“வேலை கொடுத்தாச்சு. தொங்கவிட்ட கயிறு முந்நூறு. தண்ணி பாட்டில் நானூறு. மூங்கில் ஆயிரத்து ஐந்நூறு. செய்தித்தாள் ரெண்டாயிரம். மொத்தம் நாலாயிரத்து இருநூறு வெட்டு. வாய் மழுங்கவே இல்லை.”

மரகதம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு மருத்துவரின் கையெழுத்து என்று நம்ப முடியாதபடி எல்லாம் படிக்கத் தெளிவாக இருந்தது.

“யாருங்க சாப்பிட்டாங்க?” என்று கேட்டார்.

“எதை?”

“வெட்டினதை.”

டாக்டர் நோட்டை மூடினார்.

*

பட்டறைக்கு எதிரே பாவாயி மெஸ். லாரிக்காரர்கள் சாப்பிடும் இடம். பாவாயியே சமையல், அவரே முதலாளி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ சின்ன வெங்காயம் அரிவார். அவருடைய கத்தி, இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடின் உடைந்த துண்டைக் கல்லில் தேய்த்து, சைக்கிள் டியூபைப் பிடியாகச் சுற்றியது.

அடுத்த ஞாயிறு டாக்டர் அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து நீட்டினார். “பாவாயக்கா, இதை வச்சு அரிஞ்சு பாருங்க.”

“ஏனுங் டாக்டரு, கண்ணாடியா? என்ர மூஞ்சி தெரியுது.”

“கத்திங்க்கா.”

“இருங்க, பொட்டைச் சரி பண்ணிக்கறேன். அப்புறம் அரியறேன்.”

“பலகை எங்கே?”

“பலகை எதுக்கு? கை இருக்குதே.”

பாவாயி இடது உள்ளங்கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு, வலது கையின் கத்தியைத் தன் கட்டைவிரலை நோக்கியே இழுத்தார். நம் ஊர்ச் சமையலறைகளில் பாதி இப்படித்தான் அரிகிறது. டாக்டர் பார்த்துப் பழகிய சமையல் வீடியோக்களில் இந்தக் கை வரவே இல்லை.

நாலாவது வெங்காயத்தில் கத்தியின் பிடியை ஒட்டிய அகன்ற அடிமுனை கட்டைவிரல் மேட்டில் சிவப்பாக ஒரு கோடு போட்டது.

பாவாயி காயத்தில் மஞ்சள்தூளை அப்பினார். கத்தியைப் பெட்டியில் படுக்கவைத்தார். ஹாக்சா பிளேடை எடுத்தார்.

“கோவிச்சுக்காதீங்க. உங்க கத்தி வீரனுங்க. எனக்கு ஒரு வேலையாள் போதும்.”

ஹாக்சா பிளேடிடம் தோற்ற டாக்டர் அன்று வீட்டுக்குப் போகவில்லை. ஓர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மூன்று ஞாயிறும் வந்தார்.

முதல் வாரம் மனதுக்குள் சொற்களை அடுக்கினார்: அரிதல், நறுக்குதல், சீவுதல், வகிர்தல், துணித்தல். இரண்டாம் வாரம் சொற்கள் தீர்ந்துபோயின. மூன்றாம் வாரம் ஒன்றைக் கண்டார்: பாவாயியின் மணிக்கட்டு அசைவதே இல்லை, விரல்கள் மட்டும் மூடித் திறக்கின்றன. நாலாம் வாரம் அவர் மடியில் ஒரு முறம் வெங்காயம் இருந்தது.

“சும்மா இருந்த கைக்கு உரிக்கக் குடுத்தேன்,” என்று பாவாயி லாரிக்காரர்களிடம் சொன்னார். “பல்லு புடுங்கற கையில்லீங்களா, தோலு நல்லா வருது.”

*

பிறகு டாக்டர் பட்டறைக்கு வந்து ஒரு ஸ்பிரிங் பட்டையிலிருந்து ஒல்லியாக ஒரு துண்டு வெட்டினார். சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, தட்டித் தட்டி மெலியவைத்தார். கடைசியாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார்.

‘டிங்’ என்று ஒரு சத்தம். கொசு தும்மினால் கேட்கும் அளவு.

இருபதடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு அரம் போட்டுக்கொண்டிருந்த மரகதம் திரும்பவில்லை.

“போச்சு,” என்றார்.

டாக்டர் கத்தியைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் முடியளவு விரிசல். காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருப்பவரின் சொத்தைப் பல்லை உள்ளிருந்தே காதால் கண்டுபிடிக்கும் ஒருவரைப் பார்ப்பதுபோல் அவர் குருவைப் பார்த்தார்.

“எந்தச் சிவப்புல எடுத்துத் தோய்க்கணும்?”

மரகதம் எழுந்துபோய் சன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். கதவைச் சாத்தினார். பட்டறை இருண்டது. உலையில் இன்னொரு துண்டு மாதுளம்பூவாக மலர்ந்துகொண்டிருந்தது.

“தெரியுதுங்களா?”

“தெரியுது.”

“முன்னாடி நீங்க வெயிலைப் பார்த்தீங்க. இப்பத்தான் இரும்பைப் பார்க்கறீங்க.”

அந்த இரண்டாவது துண்டு, தோய்த்ததும் வில்லாக வளைந்தது. மூன்றாவது நேராக நின்றது. டாக்டர் அதை இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை வாட்டினார். அடிமுனையை உருட்டி மழுக்கினார். புளிய மரத்தில் பிடி போட்டார். மெருகு போடவில்லை. கத்தி ஒரு கரண்டியின் கனம்தான் இருந்தது. பார்க்கச் சாம்பல் நிறத்தில், யாரும் திருடத் தோன்றாதபடி இருந்தது.

பாவாயி அதை வாங்கிப் பன்னிரண்டு கிலோவையும் அரிந்து முடித்தார். லாரி ஷெட்டில் யாருக்கோ கல்யாணம் நிச்சயமான கதையைப் பேசிக்கொண்டே அரிந்தார்.

டாக்டரால் பொறுக்க முடியவில்லை. “கத்தி எப்படிங்க்கா?”

“எந்தக் கத்தி?” என்றார் பாவாயி.

டாக்டர் முகம் சுருங்கிப் பட்டறைக்கு வந்தார்.

“கையில கத்தி இருந்ததே அவங்களுக்கு ஞாபகம் இல்லைங்க,” என்று முறையிட்டார்.

மரகதம் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். “இன்னொருக்காச் சொல்லுங்க,” என்றார்.

“எந்தக் கத்தின்னு கேக்கறாங்க.”

மரகதம் எழுந்து நின்று ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். ஏன் என்று டாக்டருக்கு விளங்கவில்லை. குடித்தார்.

ஒரு மாதத்தில் வெங்காயமும் வாழைக்காயும் பட்டுக் கத்தி நீலமாகி, பிறகு கறுத்தது. டாக்டர் மெருகுப் பசையோடு ஓடினார். பாவாயி கத்தியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஏனுங், உழைக்கறவன் கையில கறை இருந்தாத் தோலையா உரிப்பீங்க?”

*

மூன்றாவது ஆயுத பூஜை.

டாக்டர் காலையிலேயே மெஸ்ஸுக்குப் போனார். வெல்வெட் பெட்டி கொண்டுபோகவில்லை. ஒரு துண்டு மட்டும்.

மெஸ்ஸில் அடுப்பு எரியவில்லை. மாவாட்டும் கிரைண்டர் மாலை போட்டிருந்தது. அதன்முன் வாழையிலையில் கரண்டிகள், சல்லடை, தேங்காய்த் துருவி. நடுவில் கத்தி, கறுத்த உடம்பில் சந்தனப் பொட்டோடு.

“பாவாயக்கா, கத்தியைக் கொஞ்சம் குடுங்க. எதிர்த்தாப்புல பலகையில வச்சுட்டு உடனே கொண்டாந்துடறேன்.”

“சாமி முன்னால வச்சதை எடுக்கக் கூடாதுங் டாக்டரு. நாளைக்கு வாங்க.”

“இன்னைக்குத்தான் வேணும். ரெண்டு வருஷமாக் காத்திருக்கறேன்.”

“இதுவும் ஒரு வருஷமா உழைச்சிருக்குதுங்க.”

“அது நான் செஞ்ச கத்திங்க்கா.”

“செஞ்சீங்க. ஆரு இல்லீன்னா?” பாவாயி அவர் இரண்டு கைகளிலும் பொரியை அள்ளிப் போட்டார். “அதுக்குன்னு எடுத்துட்டுப் போயிருவீங்களா?”

கை நிறையப் பொரியோடு டாக்டர் சாலையைக் கடந்தார். காற்றில் பாதி பறந்தது.

பட்டறையில் பூஜை தொடங்கவில்லை. பலகையில் சுத்தியலுக்கும் அரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் காலியாக விட்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

“கத்தி எங்கீங்க?” என்று கேட்டார் மரகதம்.

“பாவாயக்கா பொட்டு வச்சுட்டாங்க. கெஞ்சிக் கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க.”

மரகதம் எதிர்ப்புறம் பார்த்தார். மெஸ் வாசலில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

அவர் அரத்தை நகர்த்திச் சுத்தியலோடு சேர்த்து வைத்தார். இடைவெளி மூடியது. டாக்டர் தலைகுனிந்து நின்றார்.

மரகதம் தன் வலது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, உள்ளங்கை மேலே தெரிய டாக்டர் முன்னால் நீட்டினார்.

“எங்க ஊட்லயும் வெங்காயம் நாந்தானுங்க அரியறேன்,” என்றார். “அளவு எடுத்துக்குங்க.”