மேடு எண்ணிய மூட்டைகள்

ஒரு மலை. வருஷத்தில் பாதி நாள் அங்கே மழைதான். அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. பச்சை இலை பறிப்பது கீழே பள்ளத்தில், அதை அரைக்கிற ஃபேக்டரி மேலே உச்சியில். நடுவே நெஞ்சை முட்டுகிற மாதிரி ஒரு மேடு.

மேட்டில் தண்டவாளம் போட்டு ஒரு வண்டி விட்டார்கள். உச்சியில் உட்கார்ந்து அதை இழுக்க ஒரு மோட்டார். மோட்டாருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கம்பிவடம்.

மோட்டார் வைக்க வந்த இன்ஜினியர், “ஒரு நடைக்கு எவ்வளவு கனம்?” என்று கேட்டார். கணக்கப்பிள்ளை எபனேசர் நோட்டைப் புரட்டினார். “எட்டு மூட்டைங்க. மூட்டைக்கு நாற்பது கிலோ.”

வண்டியின் கனம், மேட்டின் சாய்வு, சக்கரத்தின் உராய்வு எல்லாம் போட்டுப் பெருக்கி, அதற்குத் தக்க மோட்டாரை வைத்துவிட்டு இன்ஜினியர் போனார். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை.

மழை பிடித்த முதல் நாள், வண்டி பாதி தூரம் ஏறியதும் மேடு வாய் திறந்தது. மண்ணுக்குள்ளிருந்து வந்த குரல்.

“எத்தனை பேர் வர்றீங்க?”

“எட்டுப் பேர், பெரியவரே,” என்றது வடம்.

“பத்துப் பேர் கனம் தெரியுதே.”

வடம் திரும்பி மூட்டைகளை எண்ணிப் பார்த்தது. எட்டுதான். ஆனால் மூட்டைகளுக்குள்ளே யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

“யாரு அங்கே?”

“நாங்கதான்,” என்றன ஈரமான குரல்கள். “கீழே எங்களைக் கழிச்சுட்டாங்க. அதனால நாங்க இல்லை.”

“இல்லாதவங்க ஏன் இப்படிக் கனக்கிறீங்க?”

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உச்சிக்குப் போனதும் வடம் மோட்டாரிடம் சொன்னது. “அண்ணே, வண்டியில ஏதோ ஏறி வருது.”

“உளறாதே. எனக்குச் சொன்னது எட்டு மூட்டை. நான் எட்டைத்தான் இழுக்கிறேன்,” என்றது மோட்டார். ஆனால் அதன் உடம்பு கொதித்தது.

விஷயம் கீழே மூட்டை நிறுக்கிற தராசுக்குத் தெரியும். மழைநாளில் மூட்டை ஐம்பது கிலோவில் நிற்கும். “சாக்குக்கும் தண்ணிக்கும் பத்து போச்சு” என்று எபனேசர் நாற்பது எழுதுவார். அந்தத் தோட்டத்தின் வழக்கம் அது. கிலோவுக்குத்தான் கூலி; பறித்த பெண்களும் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். இன்ஜினியருக்கு அவர் படித்துக் காட்டியதும் அதே நோட்டைத்தான்.

நாளுக்கு ஒரு இழையாக வடம் நைந்தது. மேடு தினமும் கேட்டது. வடம் எட்டு என்றது, மேடு பத்து என்றது.

ஒரு நாள் நடுப்பகலிலேயே பனி இறங்கி மேட்டை மூடியது. வண்டிக்குப் பின்னால் சின்னத்தங்கம் நடந்து வந்தாள். இலை பறிக்கிறவள். வண்டி சறுக்கினால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிற முறை அன்றைக்கு அவளுடையது.

“இன்னைக்கு அந்த ரெண்டு பேரை இறக்கிவிடப் போறேன்,” என்றது மேடு.

வடம் நடுங்கியது. “வேண்டாம் பெரியவரே! நான் அறுந்தா வண்டி உருண்டு அவ மேலதான் விழும். பின்னாடி ஒருத்தி வர்றா!”

“அவ நோட்டுல இருக்காளா?”

“இல்லை.”

“அப்ப எனக்குத் தெரியாது. எனக்குக் கனம் மட்டும்தான் தெரியும்.”

டிங். ஓர் இழை அறுந்தது. டிங். இன்னொன்று. மோட்டார் உறுமி, புகைந்து, நின்றே போனது. வண்டி பின்னால் சறுக்கியது.

சத்தம் கேட்ட மாத்திரத்தில் சின்னத்தங்கம் பாய்ந்து சக்கரத்தடியில் கட்டையைச் செருகினாள். வண்டி அவள் தோள் வரைக்கும் வந்து முட்டி நின்றது.

பனிக்குள்ளிருந்து எபனேசர் ஓடி வந்தார். “முன்னூத்தி இருபது கிலோதானேம்மா! இதை மோட்டாரால இழுக்க முடியாதா?”

“கழிச்ச தண்ணியும் கூடத்தான்யா ஏறுது! அதுக்கு உங்க நோட்டைப் படிக்கத் தெரியுமா?” மூச்சு வாங்கியபடி அவள் சொன்னாள். “நிக்காதீங்க. கழிச்சதை மட்டும் இறக்கி வைங்க.”

அவர் மூட்டைக்குள் கையை விட்டார். எல்லாம் இலையாக இருந்தது. எல்லாம் ஈரமாக இருந்தது. எது தண்ணீர் என்று பிரித்தெடுக்க அவர் கைக்குத் தெரியவில்லை. சாக்குக்குள்ளே ஏதோ அவர் விரலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

நாலு பேரைக் கூப்பிட்டு எட்டு மூட்டையையும் தலைச்சுமையாக ஏற்றினார்கள்.

வடத்தை மாற்றினார்கள், மோட்டாரைப் பழுது பார்த்தார்கள். மறுநாளும் மழை. தராசு ஐம்பது காட்டியது. எபனேசரின் பென்சில் பழக்கத்தில் நாற்பதுக்குப் போனது.

சின்னத்தங்கம் கட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். “தாராளமா எழுதுங்கய்யா. இன்னைக்கு வண்டிக்குப் பின்னாடி நீங்க வாங்க.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எபனேசர் மேட்டைப் பார்த்தார். பனிக்குள் தண்டவாளம் எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. பென்சில் நின்றது. பிறகு ஐம்பது என்று எழுதியது.

“ஆறு மூட்டைக்கு மேல ஏத்தாதீங்க,” என்றார்.

வண்டி ஏறியது. பாதி தூரத்தில் மேடு கேட்டது.

“எத்தனை பேர்?”

“ஆறு பேர். ஆளுக்கு ஐம்பது கிலோ,” என்றது புது வடம்.

மேடு வெகுநேரம் தடவித் தடவிப் பார்த்தது.

“கனம் சரிதான். அந்த இல்லாதவங்க எங்கே?”

மூட்டைகளுக்குள்ளிருந்து ஈரமான குரல்கள் கூறின:

“இங்கேதான் இருக்கோம். இன்னைக்கு எங்களையும் எழுதிட்டாங்க.”