எண்பத்தெட்டாம் நாள் அடித்த மணி

விடையை முந்திக்கொண்டு சொல்கிற ஆட்கள் உங்களில் இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஓர் எண்ணெய்க் கிணறு. பம்பு வேண்டாத கிணறு; எண்ணெய் தானாகவே பொங்கி வந்து குழாயில் ஓடும். அதற்குள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் செங்கமலம் கண்டுபிடித்த சென்சார் இறங்கியிருந்தது. விரல் நீளம்தான். கீழே வாயு திமிறினால் மேலே மணி அடிக்கும். அந்த ஆழத்துச் சூட்டில் கருகிப்போகாத ஒன்றைச் செய்ய அவளுக்குப் பதினோரு வருஷம் பிடித்தது.

நிறுவனம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தொண்ணூறு நாள் சோதனை. அதற்குள் ஒரு தடவை பொய்யாக மணி அடித்தாலும் கருவி வேண்டாம்.

எண்பத்தெட்டாம் நாள் தலைமைப் பொறியாளர் ஆரோக்கியநாதன் பார்வையிட வந்தார். அவர் வருகிறார் என்று முந்தின நாளே கிணற்றின் தலைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. அதிகாரி வந்தால் பெயிண்ட் அடிக்காத இடம் நம் நாட்டில் உண்டா? குழாய், வால்வு, அழுத்தமானியின் கழுத்து, எல்லாம் பளபளவென்று மஞ்சள். அழுத்தமானியின் ஊசி எண்பத்திரண்டில் நின்றது. அவர் குறித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மணி அலறியது. வேலையில் இருந்த ஆபரேட்டர் சபுருதீன் யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கிணற்றை மூடினார்.

அரை மணி கழித்து ஆரோக்கியநாதன் மறுபடி அழுத்தமானியைப் பார்த்தார். அதே எண்பத்திரண்டு.

"என்னம்மா இது, ஊசி அசையவே இல்லையே? உங்க கருவி சும்மா கத்தியிருக்கு."

"என் கருவி பொய் சொல்லாது சார்" என்றாள் செங்கமலம்.

அவர் கல்நெஞ்சர் அல்ல. "சரி, கிணத்தைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் பார்ப்போம். வாயு வந்தா நீங்க சொன்னது நிஜம்."

வேலிக்கு அப்பால் முப்பது பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். "வேண்டாம் சார். வந்துட்டா அவங்க எங்க ஓடுவாங்க?"

"அப்போ பொய் மணின்னுதான் நான் எழுதணும்."

"மூடினது நான் சார்" என்று சபுருதீன் குறுக்கே வந்தார். "தப்புன்னா என் பேரை எழுதுங்க, அக்காவை விட்டுடுங்க."

செங்கமலம் அவரை விலக்கிவிட்டு, பொய் மணி என்று ஆரோக்கியநாதன் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுதாள்.

இப்போது சொல்லுங்கள். மணி மெய்யா, பொய்யா? மூடிய சபுருதீன், திறக்கலாம் என்ற ஆரோக்கியநாதன், திறக்கவிடாமல் கையெழுத்துப் போட்ட செங்கமலம், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள், உள்ளே அழுத்தம் ஏறும். ஓடும் கிணற்றை மூடினாலும் அப்படித்தான். ஓடும்போதும் எண்பத்திரண்டு, மூடிய பிறகும் எண்பத்திரண்டு என்றால் அந்த ஊசி செத்த ஊசி! பெயிண்ட் அடித்தவர்கள் அழுத்தமானிக்குக் கீழே இருந்த சின்ன வால்வைத் திருப்பி மூடிப் பூசிவிட்டு, அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே சிக்கிய பழைய அழுத்தத்தில் ஊசி அங்கேயே நின்றுவிட்டது. டீ குடிக்கும்போது சபுருதீனுக்குப் பொறி தட்டியது. போய் அதைத் திறந்தார். ஊசி, மூடிய கிணற்றில் வழக்கமாக நிற்கும் இடத்தையும் தாண்டி எகிறியது. மணி மெய்தான். ஆகவே சபுருதீன் செய்தது முழுச் சரி. ஆரோக்கியநாதன் புதுசைச் சந்தேகப்பட்டார், பழசைச் சந்தேகப்படவில்லை. செங்கமலம் செய்தது பாதி சரி. திறக்கவிடாதது சரி, கையெழுத்து தப்பு. வேறு ஒரு மானி கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. ஆரோக்கியநாதன் ஜீப்பில் விரட்டிப்போய் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தார். விஷயத்தைச் சொல்லி, அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லி நீட்டினார். அவள் அதை வாங்கவே இல்லை. "அந்தப் பொம்பளைங்களை முதல்ல கரையேறச் சொன்னீங்களா சார்?" என்றாள்.