நாலாவது முட்டை

"என் முட்டையை மிதித்தவன் இந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறான். ஒன்றும் தெரியாதவன்போலத் தண்ணீர் வேறு குடிக்கிறான்!"

குளக்கரையில் நின்று இப்படிப் பொரிந்து தள்ளியது செம்மூக்கி என்னும் ஆட்காட்டிக் குருவி. குடித்துக்கொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கின.

செம்மூக்கிக்கு மரத்தில் கூடு கிடையாது. கரைமேட்டுக் கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக நான்கு முட்டை இட்டிருந்தது. இடத்தை யாருக்கும் காட்டியதில்லை. காலையில் இரை தேடிவிட்டு வந்து பார்த்தால் மூன்றுதான் முழுசாக இருந்தன. நாலாவதன் மேல் அகலமான ஒரு குளம்படி. யாருடையது என்று பார்த்ததும் அதற்குத் தெரிந்துபோயிற்று.

"யாரக்கா அது? பேரைச் சொல்லு" என்றது முயல்.

"சொல்லமாட்டேன்."

"ஆட்காட்டி என்று பேரை வைத்துக்கொண்டு ஆளைக் காட்டமாட்டேன் என்றால் எப்படி? நல்ல கூத்து."

"சிறுத்தையைக் காட்டத்தான் இந்தத் தொண்டை. கூட இருக்கிறவனை நான் காட்டமாட்டேன். அவனே முன்னால் வரட்டும்."

மான்களின் தலைவன் கவைக்கொம்பன் செருமிக்கொண்டது. "சரி, நடந்தது நடந்துவிட்டது. இனி தென்கரை முழுவதும் உனக்கே. காவலும் போடுகிறேன். போதுமா?"

"தென்கரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே சொல் வேண்டும். 'நான்தான்.' அதற்குக் கீழே இறங்கமாட்டேன்."

"ரொம்பத்தான் பேரம் பேசுகிறாய்."

"பேசுவேன். கீரியிடமும் பருந்திடமும் அடிபட்டுக் கற்ற பேரம் இது. கிளையில் உட்காரத் தெரியாத இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் காட்டுக்கே காவல் நிற்கிறேன். எவரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை."

அப்போது நாணல் அசைந்தது. காற்றே இல்லை. உள்ளே சிறுத்தையின் வால்நுனி தெரிந்தது.

செம்மூக்கி கரைமேட்டைத் திரும்பிப் பார்த்தது. கத்தினால் மான்கள் மேட்டு வழியாகத்தான் ஓடும். மிச்சம் மூன்று முட்டையும் கூழாகிவிடும். கத்தாவிட்டால் ஒரு மான் போகும். மிதித்தவனே போகட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. சீ, இதுவும் ஒரு நினைப்பா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டது.

கத்தியது. காடே அதிரக் கத்தியது.

மான்கள் மேட்டை நோக்கிப் பாய்ந்தன. முன்னால் ஓடிய கவைக்கொம்பன் சட்டென்று திரும்பி, கொம்பைத் தாழ்த்திக் கூட்டத்தை மறித்தது. "இடப்பக்கம் ஓடுங்கள்! அந்தக் கல்லிடுக்கில் முட்டை இருக்கிறது!"

கூட்டம் வளைந்து ஓடித் தப்பியது. சிறுத்தை ஏமாந்து நாணலுக்குள் திரும்பியது.

மூச்சிரைப்பு அடங்கியதும் முயல் மெல்லக் கேட்டது. "தலைவரே, எனக்கு அங்கே எல்லாம் கல்லாகத்தான் தெரிகிறது. முட்டை எந்த இடுக்கில் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

கவைக்கொம்பன் முன்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. மற்ற மான்கள் அதன் குளம்பைப் பார்த்தன.

செம்மூக்கி மூன்று முட்டையையும் சிறகால் மூடி உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்தியது. "மூன்றைக் காப்பாற்றினீர்கள், தலைவரே. அதைக் காடறிய நான் சொல்வேன். நாலாவதைப் பற்றி நீங்கள்தான் சொல்லவேண்டும். இப்போதும் அது என் வாயால் வராது."

கூட்டத்துக்கு முன்னால் நடக்க ஆசைப்படுகிறவர் எவராக இருந்தாலும், தம் காலடியைத் தாமே திரும்பிப் பார்த்து, 'நான்தான்' என்று சொல்லிவிட்டு அப்புறம் நடக்கட்டும்.