மணிக்கூண்டில் ஏறிய ஐயர்

கீழக்கிருபைவிளை என்று ஓர் ஊர். அங்கே புத்தி இல்லாதவர்கள் என்று யாரும் கிடையாது. இருந்த புத்தியை எல்லாரும் சேர்த்துச் சபைக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டார்கள். கமிட்டி அதை எங்கே வைத்தோம் என்று மறந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த ஊர் சீயோன்மணிக்கு ஒரே மகள், திர்சாள். வியாழக்கிழமை கல்யாணம். பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளத்தில் வேன் பேசியாயிற்று. ஒன்றுதான் பாக்கி. வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலையை வாசித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டாக வேண்டும். இரண்டு ஞாயிறு முடிந்தது. மூன்றாவது வருமுன் சபைக் குருவானவர், ஊரார் வாயில் ஐயர், குளியலறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டார்.

சீயோன்மணிக்கு ஒன்றும் நடக்காதபோதே நெஞ்சு படபடக்கும். இப்போது கேட்க வேண்டுமா? ஓலை நின்றால் கல்யாணம் நிற்கும், கல்யாணம் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று விடிய விடிய நினைத்து, ஊர் சொல்லப்போவதை எல்லாம் தானே முன்கூட்டிச் சொல்லிப் பார்த்து அழுதாள்.

ஐயர் போனில் ஆறுதல் சொன்னார். "பயப்படாதம்மா. இங்க இருந்தே வீடியோ கால்ல ஆராதனை நடத்தி, ஓலையும் வாசிச்சிருதேன்." பிறகு கமிட்டிச் செயலர் எலியேசரிடம் நிதானமாகச் சொன்னார்: "உங்க போனை நானா நினைச்சுக்கிடுங்க. சிக்னல் நல்லா கிடைக்கிற இடமாப் பார்த்து வைங்க. நான் பேசும்போது ஒருத்தரும் பேசக்கூடாது. மத்ததெல்லாம் வழக்கம்போல."

ஞாயிறு காலை போனைத் தாம்பாளத்தில் வைத்து, குடை பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வந்தார்கள். வழியில் அதற்கு ஒரு டம்ளர் சுக்குக் காப்பி நீட்டினார் கமிட்டி உறுப்பினர் வேதமுத்து.

"குடிக்கலையே?" என்றார் எலியேசர்.

"ஆராதனைக்கு முன்னால ஐயர் என்னைக்கு அண்ணாச்சி குடிச்சிருக்காங்க?" என்று வேதமுத்து தானே குடித்தார்.

கோயிலுக்குள் சிக்னல் இல்லை. மணிக்கூண்டின் உச்சியில்தான் இருந்தது. அங்கே போனை மணிக்குப் பக்கத்தில் கட்டினார்கள். ஊர் கேட்கும் குழாய் ஸ்பீக்கரின் மைக்கை அதன் முன்னால் கட்டினார்கள். ஐயர் அங்கி இல்லாமல் நின்றதில்லை என்று வெள்ளை அங்கியை எடுத்துப் போன்மேல் போர்த்தினார்கள்.

"ஒரே வெள்ளையா இருக்கே, ஒண்ணும் தெரியலையே!" என்றது ஸ்பீக்கர்.

"பரலோகம் தெரியுது போல," என்று வேதமுத்து தொப்பியைக் கழற்றினார்.

வழக்கம்போல ஆராதனை தொடங்கும் மூன்றாம் மணியை அடிக்க வேண்டும். மணியடிக்கிற சமாதானம் கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஸ்பீக்கரில் "ஐயோ, என் காது!" என்று ஒரு சத்தம். சபையார் பயபக்தியோடு எழுந்து நின்றார்கள்.

"நான் பேசுறது கேக்குதா?" என்றார் ஐயர்.

கோயில் முழுவதும் தலையை ஆட்டியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"கேக்குதாய்யா? யாராவது இருக்கீங்களா?"

சீயோன்மணிக்குப் பொறுக்கவில்லை. "கேக்குதுன்னு சொல்லுங்களேன்!" என்றாள்.

எலியேசர் விரலை உதட்டில் வைத்தார். "மைனி, ஐயர் பேசுதாங்க. குறுக்க பேசக்கூடாது."

பதிலே வராமல் ஐயர் பாதி ஆராதனையை ஓட்டினார். ஓலைக்கு வந்தார். திர்சாள் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசித்து, "யாருக்காவது ஆட்சேபணை இருந்தால்..." என்றார். அந்த நேரம் ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் அலறியது:

"நிறுத்துங்க! இது கூடவே கூடாது! நான் சம்மதிக்க மாட்டேன்!"

லைன் அறுந்தது.

சீயோன்மணி பெஞ்சில் சாய்ந்தாள். கமிட்டி அங்கேயே கூடியது.

"இளவட்டக் குரல்," என்றார் வேதமுத்து.

"நாகர்கோவில்ல இருந்து வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு அங்க என்ன சோலி?" என்றார் எலியேசர்.

"கைக்கடிகாரம் ரிப்பேருக்கு ஒரு தடவை போயிருக்காரு," என்றாள் சீயோன்மணி.

"சாத்தான்குளத்துல கடிகாரக் கடையே இல்லையோ?"

"அண்ணாச்சி, நல்லா இருப்பீங்க, அந்த நம்பருக்குத் திரும்பப் போடுங்க!"

எல்லாருமாக மணிக்கூண்டில் ஏறிப் போட்டார்கள். எடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ் லில்லிபாய். "ஓலையை நின்னுதான் வாசிக்கணும்னு ஐயர் மாவுக்கட்டோட எந்திரிச்சுட்டாருங்க. அதைத்தான் கூடாதுன்னேன். எனக்கு யார் கல்யாணத்துல என்ன ஆட்சேபணை?"

சீயோன்மணிக்குப் போன உயிர் வந்தது. எலியேசர் அதை உள்ளே போக விடவில்லை. "ஆட்சேபணையைச் சபை முன்னால சொன்னாங்க. சபை முன்னால வந்துதான் வாபஸ் வாங்கணும்."

சீயோன்மணி போனைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், வியாழக்கிழமை ஐயரை வண்டியில் வைத்துத் தானே கூட்டி வருவதாக நர்ஸ் ஒத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று சக்கர நாற்காலியில் ஐயர் வந்து இறங்கினார். கோயில் வாசலில் எலியேசர் கும்பிட்டு மறித்தார். "நீங்க வந்தது ரொம்பச் சந்தோஷம். ஆனா ஐயர் மேல ஏறியாச்சே."

அண்ணாந்து பார்த்தார் ஐயர். மணிக்கூண்டில் அங்கி காற்றில் ஆடியது. வாதாடிப் பார்த்தார், முடியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தன் போனில் பேசினார். அது மேலே ஏறி, ஸ்பீக்கர் வழியாகக் கீழே இறங்கியது. சபை திருப்தியாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்ட ஐயர், பழக்கதோஷத்தில் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தார்.

நர்ஸின் வாய் திறந்ததைச் சீயோன்மணி பார்த்துவிட்டாள். மயக்கம் வந்தால் தின்னலாம் என்று காலையிலிருந்து முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஸ்கோத்து அல்வாவை அப்படியே எடுத்து அந்த வாய்க்குள் அடைத்தாள். தேங்காய்ப் பாலில் கிண்டிய அல்வா. பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது.

எலியேசர் எழுந்தார். "ஆராதனை நிக்கட்டும். அந்தம்மா வாயில ஒரு வார்த்தை இருக்கு. அது வெளிய வரணும்."

மாலையும் கையுமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, கோயில் முழுவதும் நர்ஸ் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. காத்திருந்து சலித்து ஐயர் உட்கார்ந்துவிட்டார். சீயோன்மணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கடைசியில் நர்ஸ் விழுங்கினாள். நாற்காலியைப் பார்த்தாள். ஐயர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு துண்டு கிடைக்குமா?" என்றாள்.

கமிட்டி தலையோடு தலை சேர்த்தது.

"இது ஆட்சேபணையா?"

"இல்ல அண்ணாச்சி. விண்ணப்பம்."

திர்சாள் கழுத்தில் தாலி ஏறியது. சீயோன்மணி பந்திக்கு வைத்திருந்த அல்வாவைத் தட்டோடு நர்ஸ் மடியில் வைத்துவிட்டு, ஆசைதீர அழுதாள்.

அன்றிலிருந்து அந்த ஊரில் ஓலை வாசிக்கும் நாளில் சபையார் எல்லார் வாயிலும் ஒரு துண்டு அல்வா வைப்பது வழக்கமாயிற்று. யாரையும் விடக்கூடாது என்பது கமிட்டியின் தீர்மானம். போனையும் ஐயராக நினைக்கச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? அடுத்த ஞாயிறு சமாதானம் ஒரு துண்டோடு மணிக்கூண்டில் ஏறினான். போனுக்கு வாய் எது என்று வெகுநேரம் தேடி, சார்ஜ் போடுகிற ஓட்டையைக் கண்டுபிடித்து, அல்வாவை விரலால் நன்றாக அழுத்தி வைத்தான். திரை அணைந்தது.

"என்னலே, தின்னுச்சா?" என்று கீழிருந்து கேட்டார் எலியேசர்.

"முழுங்கிட்டாங்க அண்ணாச்சி," என்றான் சமாதானம். "கண்ணை மூடிட்டாங்க. இப்ப ஜெபம் நடக்குது."

சபை முழங்கால் போட்டது. "ஆமென்" வரட்டும் என்று இன்னும் அப்படியேதான் இருக்கிறார்களாம்.